கைக்குழந்தையின் தலைக்காயம்: பிணவறை வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

வட ஆற்காடு என்ற பெயர் அரசுப் பதிவேடுகளில் இப்போது இல்லை. 2019இல் வேலூர் மாவட்டமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. ஆனால் குடியாத்தத்திலிருந்து வந்தாலும் ஆலங்காயத்திலிருந்து வந்தாலும், பிணவறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் மாறவில்லை. தடயவியல் மருத்துவனாக இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் பிரேதப் பரிசோதனை செய்தவன் நான். தாய் தகப்பன்மார், உதவி ஆய்வாளர்கள், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்து வழக்கறிஞர்கள், உள்ளூர் நிருபர்கள் என்று பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு. படிக்கக் கனமான விஷயம். குழந்தையை இழந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையை எதற்காக அறுக்க வேண்டும்? நாங்கள் சம்மதிக்கவில்லை என்றால்?

சந்தேக மரணம் என்று காவல் நிலையத்தில் பதிவாகிவிட்டால் பெற்றோரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் இருந்த இந்த விசாரணை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் இருக்கிறது. காவலர்களின் வாயில் இன்னும் 174தான் வருகிறது.

கைக்குழந்தையின் தலைத்தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே மூளையைச் சுற்றி இரத்தம் பரவியிருக்கலாம். அதேபோல் நெற்றியில் பெரிய வீக்கத்தோடு வந்த குழந்தை நிமோனியாவில் இறந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது, நானும் முயன்றதில்லை. கட்டிலிலிருந்து விழுந்தது உண்மை என்றால், அதை உங்கள் பக்கம் நின்று சொல்லப்போவதும் அதே அறிக்கைதான். நான் கண்டவரையில் பரிசோதனையால் குற்றம் சுமத்தப்பட்ட தாய்மார்களைவிட, அது நடக்காததால் ஊர் வாயில் காலமெல்லாம் அடிபட்ட தாய்மார்களே அதிகம்.

குழந்தையைப் புதைத்துவிட்டோம். இனி என்ன செய்ய முடியும்?

நம் பக்கத்தில் கைக்குழந்தைகளைப் பெரும்பாலும் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். அதனால் தோண்டி எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. தாசில்தார் முன்னிலையில் நடக்கும். நாளாகியிருந்தால் மூளை கூழாகிவிடும், ஆனால் எலும்பு பேசும். ஓர் எச்சரிக்கை: அழுகிய நிலையில் கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் பொருத்துவாய்களில் தாமாகவே கழன்று தனித்தனியாக வரும். அதைப் பார்த்து 'மண்டை உடைந்து சிதறியிருந்தது' என்று செய்தி எழுதிவிடக் கூடாது.

கத்தியை எடுப்பதற்கு முன் டாக்டர் என்ன பார்க்கிறார்?

முதலில் காகிதங்கள். குழந்தையை முதலில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களோ அங்கே போட்ட விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. முதல் மணி நேரத்தில் வீட்டார் சொன்ன கதை அதில் இருக்கும். பிறகு தாய் சேய் நல அட்டை: எடை, பிரசவம் எப்படி நடந்தது, என்னென்ன ஊசி போட்டார்கள் என்பதெல்லாம். அடுத்து உடல் முழுவதற்கும் எக்ஸ்ரே. ஒரே படமாகக் குழந்தையை முழுசாக எடுத்துவிடுவது பழைய பழக்கம், அது பயன்படாது. கை, கால், விலா, தலை என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய விலா முறிவும், மூட்டருகே எலும்பு நுனியில் காணும் சிறு சில்லும் தலையைவிட அதிகமாகப் பேசும் சமயங்கள் உண்டு. நீண்ட எலும்பு முறிவுகளும் மூளையைச் சுற்றிய இரத்தக்கட்டும் ஒரே குழந்தையில் சேர்ந்திருப்பதை அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர் ஜான் காஃபி 1946லேயே எழுதிவைத்தார்.

பிறகு உடல். மேலுதட்டைத் தூக்கி, ஈறோடு சேர்க்கும் சிறு சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். காதுக்குப் பின்னால், அக்குளில், உள்ளங்காலில் பார்க்கிறோம். நம் குழந்தைகளின் இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டை அடிபட்ட கன்றல் என்று எழுதிய குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் தோலைச் சிறிது கீறிப் பார்க்க வேண்டும். கன்றல் என்றால் அடியில் இரத்தம் ஊறியிருக்கும். பிறவித் திட்டு என்றால் கீழே கொழுப்பு மஞ்சளாகச் சுத்தமாக இருக்கும். அரை நிமிட வேலை, ஒரு குடும்பத்தின் தலைவிதி.

தலையை எப்படித் திறக்கிறார்கள்? பெரியவர்களுக்குப் போல ரம்பமா?

பெரும்பாலும் இல்லை. கைக்குழந்தையின் மண்டை ஒரே கிண்ணம் அல்ல. எலும்புத் தகடுகள் நடுவே சவ்வோடு சேர்ந்து நிற்கின்றன. முன் உச்சிக்குழி மூடுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை வயதாகும். ஆகவே கத்தரிக்கோலே போதும்.

காதுக்குப் பின்னால் தொடங்கி உச்சி வழியாக அடுத்த காதுவரை தோலைக் கீறி, முன்பாதியை முகத்தின் மேலும் பின்பாதியைப் பிடரியின் மேலும் மடித்துவிடுகிறோம். இங்கேயே பாதிக் கதை தெரிந்துவிடும். தோலின் உட்புறம் இயல்பில் வெளிர் நிறம். அடிபட்ட இடத்தில் நாவற்பழச் சாறு ஊறிய துணிபோல் கறுஞ்சிவப்பாக இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாத தலையில் உள்ளே இப்படி இரண்டு திட்டுகள் தனித்தனியாக இருந்தால், ஒரே முறை விழுந்தது என்ற கதையை மறுபடி கேட்க வேண்டியிருக்கும். இரத்தம் எலும்புக்கும் அதன் மேல் சவ்வுக்கும் இடையில், ஒரே எலும்பின் எல்லைக்குள் நின்றால் பிரசவத்தில் ஏற்பட்ட கட்டியாக இருக்கலாம். எந்த அடுக்கில் எவ்வளவு அகலம் என்று அளந்து, படம் எடுத்த பிறகே அடுத்த வேலை.

அடுத்தது பெனெகே முறை. உச்சிக்குழியின் ஓரத்தில் கத்தரிக்கோலின் நுனியை நுழைத்து, நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி இரண்டு பக்கமும் வெட்டுகிறோம். நடுவில் விரலகல எலும்புப் பட்டை அப்படியே நிற்கும். பக்கவாட்டு எலும்புகளைக் காதுக்கு முன்னுள்ள பொட்டுக்கு அருகே கீல்போல் விட்டுவைத்து, இரண்டு இதழ்களாக வெளிப்பக்கம் மலர்த்துகிறோம். நடுப்பட்டையை ஏன் விட்டுவைக்கிறோம் என்பதில்தான் முறையின் சூட்சுமம் இருக்கிறது. அதன் அடியில் முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய சிரைக்குழல் ஓடுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய சிரைகள் பாலம்போல் ஏறி அதில் சேர்கின்றன. தலை வேகமாக முன்னும் பின்னும் ஆடினாலோ எதிலாவது மோதினாலோ அறுபடுவது இவைதான். பெரியவர் மண்டையைத் திறப்பதுபோல் வட்டமாக அறுத்துத் தொப்பியாகக் கழற்றினால், இவற்றை அறுத்தது காயமா நம் கையா என்று பிறகு சொல்ல முடியாது.

மலர்த்தியதும் ஒரு பக்க மூளையை இரண்டு விரலால் மெல்ல ஒதுக்கி, அந்தச் சிரைகளைக் கண்ணால் பார்க்கிறோம். டியூரா என்னும் தடித்த உறைக்கு அடியில் இரத்தம் இருந்தால் ஊசிக்குழலில் உறிஞ்சி அளக்கிறோம். கைக்குழந்தையில் அது பெரும்பாலும் சில மில்லிதான், மெல்லிய படலமாக இருக்கும். அளவு சிறியது என்பதால் அற்பம் என்று நினைக்கக் கூடாது. மூளையை எடுத்த பிறகு டியூராவை மண்டையிலிருந்து உரித்தே ஆக வேண்டும். உரிக்காவிட்டால் மயிரிழை முறிவு ஒளிந்துகொள்ளும், எக்ஸ்ரேயிலும் தப்பிவிடும். முறிவு என்றால் விளிம்பில் இரத்தம் ஊறியிருக்கும். சில குழந்தைகளுக்குப் பக்கவாட்டு எலும்பில் கூடுதலாக ஒரு பொருத்துவாய் இருக்கும். அதை முறிவு என்று எழுதிவிட்டால் ஒரு தகப்பன் சிறைக்குப் போவான்.

பிணவறை ஊழியரிடம் 'தலையைத் திறந்து வை, வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. கைக்குழந்தையின் தலையை மருத்துவரே திறக்க வேண்டும்.

கண்ணை எடுப்பதாகச் சொல்கிறார்களே?

விழித்திரையில் இரத்தக்கசிவு இருக்கிறதா, இருந்தால் எத்தனை அடுக்கில், ஓரம்வரை பரவியிருக்கிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை. தலைக்குள் சந்தேகத்துக்கு இடமான இரத்தம் கண்டால் மட்டும் எடுக்கிறோம். முகத்தின் வழியாக அல்ல, மண்டைக்குள்ளிருந்து கண்குழியின் கூரையைத் திறந்து, பார்வை நரம்போடு சேர்த்து எடுக்கிறோம். அந்த நரம்பின் உறைக்குள் இரத்தம் உண்டா என்பதும் முக்கியம். இமைக்குப் பின்னால் பஞ்சு வைத்து மூடிவிட்டால் வித்தியாசம் தெரியாது. இயல்பான பிரசவத்தில் பிறந்த குழந்தைகளிலும் கணிசமானவர்களுக்கு விழித்திரைக் கசிவு உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். ஆகவே பத்து நாள் குழந்தையில் அதற்கு ஒரு பொருள், ஐந்து மாதக் குழந்தையில் வேறு பொருள்.

கழுத்து?

முன்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. குழந்தையைக் குப்புறப் போட்டுப் பிடரித் தசைகளை அடுக்கடுக்காகப் பார்த்து, தண்டுவடத்தைக் கழுத்து நரம்பு வேர்களோடு சேர்த்து எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை என்பதால் பல அறிக்கைகளில் இந்தப் பத்தியே இருக்காது.

எட்டு வாரமாகியும் முடிவு வரவில்லை. எதையாவது மறைக்கிறார்களா?

மறைப்பதற்கு அவசியமில்லை, மூளை வாளியில் இருக்கிறது. கைக்குழந்தையின் மூளை தயிர்போல் இளகியது. எடுத்த அன்றே அறுத்தால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் அடிப்பக்கத்து இரத்தக்குழாய் ஒன்றின் கீழ் நூலைக் கோத்து, பத்து சதவீத ஃபார்மலின் நிறைந்த வாளியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். வாளியின் அடியில் பட்டால் சப்பையாகிவிடும் என்பதற்காகத்தான் அந்த நூல். சுமார் இரண்டு வாரத்தில் வெட்டும் பதத்துக்கு இறுகும். பிறகு திசு ஆய்வு. ஒரு சாயத்தில் இரும்புச் சத்து நீலமாகத் தெரியும். பழைய இரத்தக்கசிவைக் காட்டிக்கொடுப்பது அந்த நீலம்தான். பீட்டா ஏபிபி என்ற இன்னொரு சோதனையில் நரம்பு இழைகள் அறுபட்டிருப்பது தெரியும். உள்ளுறுப்புகள் ரசாயன ஆய்வுக்குத் தனியாகப் போகும். அதுவரை அறிக்கையில் 'இறுதிக் கருத்து நிலுவையில்' என்றுதான் இருக்கும். அன்றே 'தலைக்காயத்தால் மரணம்' என்று எழுதித் தருகிற வேகத்தைவிட இந்தத் தாமதம் நல்லது.

விழுந்ததா, அடித்ததா, உலுக்கியதா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

சில சமயம் முடியும். பல சமயம் 'இந்தக் கதைக்கு இந்தக் காயம் பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்பதுவரைதான் நியாயமாகச் சொல்ல முடியும்.

கட்டில் உயரத்திலிருந்து விழும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குப் பக்கவாட்டு எலும்பில் நேர்கோட்டு முறிவு வரும். டியூராவுக்கு மேலே தேங்கும் இரத்தக்கட்டு சாதாரண விபத்திலும் வரக்கூடியது. சிறு உயரத்திலிருந்து விழுந்து இறப்பது அரிது, ஆனால் நடக்காததல்ல. அதனால்தான் உயரத்தையும் தரையையும் கேட்கிறோம். மண் தரையா, சிமெண்டா, கடப்பா கல்லா? நல்ல விசாரணை அதிகாரி வீட்டுக்குப் போய் கட்டிலை அளப்பார். குழந்தையின் எடைக்கு ஒரு பொம்மையைக் கொடுத்து, எப்படிக் கிடந்தது என்று காட்டச் சொல்லிப் படம் எடுப்பார்.

உலுக்குவது பற்றிய வாதம் பெரியது. டியூராவுக்கு அடியில் இரத்தம், விழித்திரையில் இரத்தம், மூளை பாதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் யாரோ உலுக்கிக் கொன்றார்கள் என்றே ஒரு காலத்தில் நீதிமன்றங்களில் சொல்லப்பட்டது. 1971இல் கத்கெல்ச் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் முன்வைத்த கருத்து இதற்கு ஒரு வேர். அது இத்தனை உறுதியாகப் பயன்படுத்தப்படுவது பற்றிப் பிற்காலத்தில் அவரே கவலைப்பட்டார். 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 'உலுக்கப்பட்ட குழந்தை' என்ற பெயரை விட்டு, எந்த வகையில் நடந்தது என்று சொல்லாத பொதுப் பெயருக்கு மாறியது. இந்த மூன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2016இல் ஸ்வீடனின் அரசு மதிப்பீட்டு அமைப்பு சொன்னது. அதை மறுத்தவர்களும் உண்டு. என் கட்சி இது: மூன்று அறிகுறிகள் கேள்வியைத் தொடங்கிவைக்கும், முடித்துவைக்காது. வேறு வேறு வயதுள்ள விலா முறிவுகள், தலையில் தனித்தனித் திட்டுகள், மணிக்கு மணி மாறும் கதை ஆகியவை சேரும்போதுதான் எனக்குக் கை உறுதிப்படும்.

ஏணையில் ஆட்டினால் இப்படி ஆகுமா? உரம் எடுத்தால்?

எங்கள் பக்கத்தில் ஏணை, மற்ற இடங்களில் தூளி. புடவைத் தொட்டிலில் வழக்கமாக ஆட்டுவதால் மூளையில் இரத்தம் கசியாது. முடிச்சு அவிழ்ந்து விழுவதும், வேகமாக ஆட்டிச் சுவரில் இடிப்பதும் வேறு கணக்கு.

உரம் எடுப்பது பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். குழந்தை ஓயாமல் அழுதால் 'உரம் விழுந்திருக்கிறது' என்று சொல்லி, புடவையில் போட்டு இங்கும் அங்கும் உருட்டுவார்கள். சில இடங்களில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டுவார்கள். கழுத்து நிற்காத குழந்தையைத் தலைகீழாக ஆட்டுவது ஆபத்து. செய்யாதீர்கள். இது அன்போடு செய்யப்படுவது, கிழவிக்கு அந்தக் குழந்தைமேல் உயிர். அதனாலேயே யாரும் இதைக் காவலரிடம் சொல்வதில்லை. ஒருமுறை எல்லாம் முடிந்து வெளியே வந்து, குழந்தை அழுதபோது வீட்டில் என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று நான் கேட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லை. பாட்டி தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார், பக்கத்தில் நின்ற மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் சந்தேகம் வீட்டில் வேறொருவர் தலையில் விழும்.

நோயால்கூட தலைக்குள் இரத்தம் வருமா?

வரும். நம் வட்டாரத்தில் நான் முதலில் நினைப்பது வைட்டமின் கே குறைபாடு. பிறந்தவுடன் தொடையில் போடும் ஒரு மில்லிகிராம் ஊசி இதற்குத்தான். ஊசி போடாமல் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு, இரண்டு வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் திடீரென மூளையில் இரத்தம் கசியலாம். தாய்ப்பாலில் இந்த வைட்டமின் மிகக் குறைவு. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை, ஊசியைப் போடச் சொல்கிறேன். ஜவ்வாது மலையிலோ அல்லேரியிலோ வீட்டில் பிரசவம் என்றால், ஊசி போட்டார்களா என்பது என் முதல் கேள்வி. இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா, எலும்பு நொய்மை நோய், குளூட்டாரிக் அமிலம் சேரும் பிறவிக் கோளாறு, மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைப்பது, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

இறந்த பிறகு எடுத்த இரத்தத்தில் உறைதிறன் சோதனை நம்பகமானதல்ல. குழந்தை உயிரோடு மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த இரத்தம் அங்கே மீதி இருந்தால், அதைக் கொட்டிவிடாமல் வைக்கச் சொல்லி விசாரணை அதிகாரி அன்றே கேட்க வேண்டும். மறுநாள் இருக்காது.

ஆயுதப் பிரசவத்தில் ஏற்பட்ட காயமாக இருக்கலாமே?

குழந்தைக்குச் சில வாரங்களே ஆகியிருந்தால் இருக்கலாம். சுகப்பிரசவத்திலும் டியூராவுக்கு அடியில் மெல்லிய இரத்தம் வருவது அரிதல்ல, அறிகுறி ஏதும் காட்டாமல் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் கரைந்துவிடும். எட்டு மாதக் குழந்தையின் புதிய இரத்தக்கசிவுக்குப் பிரசவத்தைக் காரணம் சொன்னால் எடுபடாது.

காயம் எப்போது பட்டது என்று மணிக்கணக்கில் சொல்ல முடியுமா?

மணிக்கணக்கில் முடியாது. நீலச் சாயத்தில் இரும்பு தெரிய இரண்டு மூன்று நாளாகும். நரம்பு இழைச் சோதனை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகே காட்டும், அதுவும் மூச்சுத்திணறலால் வந்த பாதிப்பிலும் தெரியும். விலா முறிந்த இடத்தில் புது எலும்பு தெரிய ஒன்றிரண்டு வாரம். மண்டை முறிவில் அப்படிப் புது எலும்பு திரள்வதில்லை, வயது சொல்வது கடினம். கன்றலின் நிறத்தை வைத்து நாள் சொல்வதைச் சாட்சிக் கூண்டில் யாராவது செய்தால் குறுக்கு விசாரணை செய்யுங்கள். குழந்தை வென்டிலேட்டரில் சில நாள் இருந்திருந்தால் மூளை இளகி, கணக்கு இன்னும் குழம்பும்.

யார் செய்தது?

அதைப் பிரேதப் பரிசோதனை சொல்லாது.

வெட்டாமல் ஸ்கேனில் பார்க்கலாமே?

தில்லி எய்ம்ஸில் 2021இல் ஸ்கேன் வழிப் பரிசோதனை தொடங்கியது. எலும்பு முறிவுக்கு அருமையான கருவி. ஆனால் அறுபட்ட மெல்லிய சிரையையும் விழித்திரையின் அடுக்குகளையும் அது கத்திக்கு ஈடாகக் காட்டாது.

இரவிலேயே முடித்துத் தரமாட்டார்களா?

வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று ஒன்றிய அரசு 2021 நவம்பரில் அறிவித்தது. கொலைச் சந்தேகம் உள்ளவை பொதுவாக அதில் சேராது. வேலூர் வெயிலில் காத்திருப்பது கொடுமைதான், ஆனால் மங்கல் வெளிச்சத்தில் கைக்குழந்தையின் தலையைப் பார்ப்பதை நானும் ஏற்க மாட்டேன்.

குழந்தையை முகம் பார்க்கும்படி கொடுப்பீர்களா?

கொடுப்போம். எலும்பு இதழ்களை மூடி, தோலை இழுத்து மெல்லிய நூலால் தைக்கிறோம். கீறல் காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வழியாகப் போவதால் முகத்தில் தையல் வராது. குழந்தைக்கு முடி குறைவு என்பதால் உச்சியில் தெரியும். அதற்கு ஒரு தொப்பி கொண்டுவாருங்கள். கேட்கத் தயங்காதீர்கள், உள்ளே இருப்பவர்களே போட்டுவிட்டுத் தருவார்கள். ஊருக்குக் கொண்டுபோக அரசு மருத்துவமனையில் இலவச அமரர் ஊர்தி உண்டு.

அறிக்கை கிடைத்தால் வழக்கறிஞர் எதைத் தேட வேண்டும்?

நகல் விசாரணை அதிகாரி வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ கிடைக்கும். முதலில் 'தலை' என்ற பத்தியைப் பாருங்கள். 'மண்டை ஓடு, மூளை: இயல்பு' என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் யார் பக்கம் வாதாடினாலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. தோலின் உட்புறம் எழுதப்பட்டிருக்கிறதா, டியூரா உரிக்கப்பட்டதா, இரத்தம் மில்லியில் இருக்கிறதா அல்லது 'சிறிதளவு' என்று இருக்கிறதா, கண்ணும் பிடரியும் பார்க்கப்பட்டனவா, பரிசோதனைக்கு முன் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். பிறகு ஏ.ஆர். காப்பியைப் பக்கத்தில் வைத்து, முதல் நாள் கதையையும் இந்த அளவுகளையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். தலைச் சுற்றளவும் உடல் எடையும் எழுதாத அறிக்கை என்றால், அந்த மருத்துவரைக் கூண்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மேசையில் கிடந்தது எத்தனை மாதக் குழந்தை என்பதுதான்.